கயிறு யார் கையில்?

யுத்தம் என்று சொன்னதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை பீரங்கிகளும் ஆகாய விமானங்களுமே. சித்திரக்காரர்கள் அவற்றைத்தான் பெரிதாக எழுதுகிறார்கள்; சினிமாக்காரர்களும் அவற்றைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் எந்த யுத்தத்தையும் முடித்து வைப்பவன் வேறொருவன். முதுகில் மூட்டையும் கையில் துப்பாக்கியுமாகச் சேற்றிலும் பனியிலும் நடந்து செல்லும் காலாட்படைச் சிப்பாய்தான் அவன். ஆகாய விமானம் ஓர் ஊரை அழித்துவிடலாம். அந்த ஊருக்குள் நுழைந்து காவல் நிற்பதற்கு இரண்டு கால்கள் வேண்டும்.

அந்தக் கால்கள் எவ்வளவு பாரத்தைத் தாங்குகின்றன என்று நம்மில் அநேகர் யோசித்திருக்க மாட்டோம். 2003-ஆம் வருஷத்தில் ஆப்கானிஸ்தானத்தில் இருந்த அமெரிக்கப் படையினர் இதை நிறுத்தே பார்த்தார்கள். சாதாரணத் துப்பாக்கி வீரன் ஒருவன் சண்டை செய்யும் போதே சுமார் 29 கிலோ சுமந்து கொண்டிருந்தான். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நடந்து செல்லும்போது சுமை சுமார் 43 கிலோ ஆயிற்று. நெருக்கடியான சமயங்களில் 58 கிலோவை எட்டியது. நம் வீட்டுக்கு வரும் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் இரண்டை முதுகில் கட்டிக் கொண்டு, மேலே இருந்து யாரோ சுட்டுக் கொண்டிருக்கையில் மலையேறுவதாகக் கற்பனை செய்து பாருங்கள். சிப்பாயின் உத்தியோகம் எத்தகையது என்பது அப்போது ஒருவாறு விளங்கும்.

விஞ்ஞானம் வளர வளரப் பாரம் குறையும் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்ததோ அதற்கு நேர் விரோதம். இருட்டில் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி, பேசுவதற்கு ஒரு ரேடியோ, திசை காட்ட ஒரு கருவி, இவையனைத்துக்கும் மின்சாரம் ஊட்ட ஒரு பை நிறைய பாட்டரிகள் என்று புத்தி கூடக் கூட மூட்டையும் கூடிக் கொண்டே போயிற்று.

இத்தகைய சிப்பாயிடம், "அப்பா, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் அவன் பெரிய வரங்கள் கேட்க மாட்டான். "என் மூட்டையைச் சுமக்க ஒரு துணை வேண்டும். கண்ணிவெடி புதைந்திருக்கும் பாதையில் எனக்கு முன்னால் நடக்க ஒரு துணை வேண்டும். நான் அடிபட்டு விழுந்தால் என்னைத் தூக்கி வர ஒரு துணை வேண்டும்" என்று மூன்றே வரங்கள் கேட்பான். ஆளில்லாமல் தரையில் ஓடும் யுத்த வண்டிகளின் சரித்திரம் முழுவதும் இந்த மூன்று வரங்களைக் கொடுப்பதற்கு மனிதன் செய்த முயற்சியே. நாலாவதாக ஒரு வரமும் உண்டு. அதைச் சிப்பாய் கேட்கவில்லை; ஆனாலும் அது வந்து கொண்டிருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

நாலு கால் துணைவன்

யந்திரங்கள் வருவதற்கு முன்னால் முதல் வரத்தைக் கொடுத்து வந்தது கோவேறு கழுதை. இந்தப் பிராணியை நாம் பரிகாசத்துக்கு உரியதாகவே கருதி வந்திருக்கிறோம். சைன்யத்தாருக்கோ அது பரிகாசப் பொருளல்ல.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய 1939-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் சைன்யத்தில் எல்லாம் மோட்டார் மயமாகி விட்டிருந்தது. பிரான்ஸுக்குச் சென்ற படைகளுக்குச் சேறும் பனியும் நிறைந்த பாதைகளில் சாமான் கொண்டு போக மோட்டார் மட்டும் போதாது என்று தோன்றியபோது, அவர்கள் கையேந்தியது இந்தியாவிடம். அவ்வருஷம் டிசம்பரில், இந்தியப் படையைச் சேர்ந்த நான்கு கோவேறு கழுதைக் கம்பெனிகள் மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் போய் இறங்கின. பழக்கமில்லாத கடுங்குளிரில் நம்மவர்கள் அந்தப் பிராணிகளை நடத்திச் சென்று பணி புரிந்தார்கள். 1940-ஆம் வருஷம் மே மாதத்தில் ஜெர்மானியரின் வெள்ளம் பாய்ந்து வந்தது. ஒரு கம்பெனியினர் சிறைப்பட்டார்கள். மற்றவர்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். கப்பல்களில் மனிதர்களுக்கே இடம் போதாத சமயம் அது. கழுதைகளைக் கரையிலேயே விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று.

கோவேறு கழுதையின் கழுத்தில் ஒரு கயிறு உண்டு. கயிற்றின் மறு நுனி மனிதன் கையில் இருக்கும். மனிதன் போகும் வழியில் பிராணி போகும். கால் வைக்கக் கூடாத இடம் வந்தால் பிராணி தானே நின்று மனிதனுக்கு எச்சரிக்கை செய்யும். வாசகர்கள் இந்தக் கயிற்றை ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். இனி நாம் பார்க்கப் போகும் ஒவ்வொரு யந்திரத்திலும் அந்தக் கயிறு ஏதேனும் ஓர் உருவத்தில் வந்து கொண்டேயிருக்கும்.

அறுபட்ட கம்பி

ஆளில்லாத தரை வண்டியை முதலில் பெரிய அளவில் யுத்தத்துக்கு அனுப்பியவர்கள் ருஷ்யர்கள். 1939-40-ல் பின்லாந்துடன் நடந்த குளிர்கால யுத்தத்தில், ரேடியோவினால் நடத்தப்படும் டாங்கிகளை அவர்கள் பிரயோகித்தார்கள். முன்னால் ஆளில்லாத டாங்கி செல்லும். பின்னால் வரும் மற்றொரு டாங்கியில் அமர்ந்து ஒருவர் அதை ஓட்டுவார்.

இதைவிடப் பிரசித்தமானது ஜெர்மானியர் செய்த "கோலியாத்." இதன் பிறப்பே ஒரு துப்பறியும் கதை போலிருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த அடால்ப் கெக்ரெஸ் என்ற இஞ்சினீயர் சங்கிலிச் சக்கரங்கள் கொண்ட சிறிய வண்டி ஒன்றை மாதிரியாகச் செய்து வைத்திருந்தார். 1940-ல் ஜெர்மானியர் வந்தபோது அது அவர்கள் கையில் அகப்படக் கூடாதென்று ஸீன் நதியில் போட்டு மறைத்தார். ஜெர்மானியர் அதைக் கண்டெடுத்து, பிரேமன் நகரத்து போர்க்வார்டு கம்பெனியிடம் கொடுத்து, "இதைப் போல் செய்" என்றார்கள்.

கோலியாத் என்ற பெயரைக் கேட்டால் பெரிய ராக்ஷதன் என்று தோன்றும். உண்மையில் அதன் உயரம் நம் முழங்காலுக்குச் சற்று மேல்தான். வயிற்றில் 60 கிலோ வெடிமருந்து. பிற்பாடு வந்த பெரிய வகையில் 100 கிலோ. பின்புறம் சுமார் 650 மீட்டர் நீளமுள்ள கம்பி. மறைவிடத்தில் உட்கார்ந்திருக்கும் சிப்பாய் சிறு பெட்டியிலுள்ள பிடியைத் திருப்பினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். எதிரியின் அரணை நெருங்கியதும் விசையை அழுத்தினால் அரணோடு தானும் வெடித்துச் சிதறும். இத்தகைய வண்டிகள் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல் செய்யப்பட்டன.

1944-ல் வார்ஸா நகர மக்கள் ஜெர்மானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து 63 நாட்கள் போராடினார்கள். அவர்களுடைய தெருத் தடுப்புகளைத் தகர்க்கக் கோலியாத்துகள் ஏவப்பட்டன. போதிய ஆயுதங்கூட இல்லாத போலந்து வீரர்கள் ஒரு சுலபமான உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள். வண்டியை விட்டுவிட்டு, பின்னால் இழுபட்டு வரும் கம்பியை அறுத்தார்கள். கம்பி அறுந்ததும் கோலியாத் நட்ட நடுத் தெருவில் மரக்கட்டை போல நின்றது! பைபிளில் வரும் கோலியாத்தைத் தாவீது என்ற இளைஞன் கவண்கல்லால் வீழ்த்தினான் அல்லவா? பெயர் வைத்தவர்கள் அந்தக் கதையைக் கடைசி வரையில் படிக்கவில்லை போலும்.

முன்னால் நடப்பவன்

கோலியாத் கொல்லப் பிறந்த யந்திரம். காக்கப் பிறந்த யந்திரம் வருவதற்கு மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1970-களின் தொடக்கத்தில் வட அயர்லாந்தில் மோட்டார் வண்டிகளில் வெடிகுண்டு வைத்து விட்டுப் போவது சர்வ சாதாரணமாயிருந்தது. அவற்றைச் செயலறச் செய்வதற்குச் சென்ற வீரர்கள் பலர் உயிரிழந்தார்கள். 1972-ல் பீட்டர் மில்லர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. தோட்ட வேலைக்கு உபயோகமாகும் மின்சாரத் தள்ளுவண்டி ஒன்றின் அடிச் சட்டத்தை எடுத்து, தூரத்திலிருந்தே அதை ஓட்டும்படி மாற்றினார். சந்தேகத்துக்குரிய மோட்டாரில் கொக்கியை மாட்டி இழுத்து வருவதுதான் முதலில் அதற்கு அளித்த வேலை. பிறகு வெடிகுண்டின் மீது வேகமாக நீரைப் பாய்ச்சி அதைச் சிதற அடிக்கும் கருவியும் அதில் சேர்க்கப்பட்டது. "வீல்பாரோ", அதாவது தள்ளுவண்டி என்றே அதற்குப் பெயர் நிலைத்து விட்டது. யுத்த யந்திரங்களில் இவ்வளவு அடக்கமான பெயர் வேறொன்றுக்கும் இல்லை.

2002-ல் ஆப்கானிஸ்தானத்து மலைக் குகைகளில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு முன்னால் நுழைந்தது இதன் ஒன்றுவிட்ட தம்பியான "பாக்பாட்". அதைச் செய்த ஐரோபோட் கம்பெனி அதே வருஷத்தில்தான் வீட்டுத் தரையைத் தானே பெருக்கும் "ரூம்பா" என்ற யந்திரத்தையும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரு பிள்ளை துடைப்பம் எடுத்துக் கொண்டு வீட்டுக்கும், மற்றொரு பிள்ளை குகைக்கும் புறப்பட்டன!

நம் நாட்டிலும் இத்தகைய யந்திரம் உண்டு. புனாவிலுள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய "தக்ஷ்" மாடிப்படி ஏறும். பெட்டிக்குள் இருப்பதை எக்ஸ்-ரே மூலம் பார்த்துச் சொல்லும். நீர்த் தாரையால் வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும். 2011 டிசம்பரில் முதல் தொகுதி நமது சைன்யத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்த யந்திரங்களைச் சிப்பாய்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று ஜூலி கார்ப்பென்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆராய்ந்தார். வெடிகுண்டு அகற்றும் வீரர்களைச் சந்தித்துப் பேசி, 2013-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். யந்திரம் வெறும் கருவிதான் என்று எல்லாரும் சொன்னார்களாம். ஆனால் அதற்குப் பெயர் சூட்டியிருந்தார்கள். அது வெடித்துச் சிதறியபோது கோபமும் வருத்தமும் அடைந்தார்கள். நமக்கு இதில் ஆச்சரியமில்லை. ஆயுத பூஜையன்று தறிக்கும் தையல் மிஷினுக்கும் சந்தனப் பொட்டு வைப்பவர்கள் அல்லவா நாம்?

சத்தம் போட்ட யந்திரக் கழுதை

சுமை தூக்கும் முதல் வரம் மட்டும் எளிதில் கைகூடவில்லை. சக்கரம் போகாத இடத்தில்தானே சிப்பாய்க்குத் துணை வேண்டும்? ஆகவே சக்கரத்தை விட்டு மறுபடியும் காலுக்கே திரும்பினார்கள். அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் டைனமிக்ஸ் கம்பெனியார் 2005-ல் "பிக்டாக்" என்ற நாலு கால் யந்திரத்தைச் செய்தார்கள். பக்கவாட்டில் உதைத்தால் தடுமாறிச் சமாளித்துக் கொண்டு நடக்கும் அதன் சலனப் படத்தைப் பார்த்து உலகமே வியந்தது. அடுத்துப் பிறந்த பெரிய யந்திரம் சுமார் 180 கிலோ சுமந்து ஒரே நாளில் 20 மைல் நடக்க வேண்டும் என்று திட்டமிட்டார்கள். 2014-ல் ஹவாய்த் தீவில் கடற்படைச் சிப்பாய்கள் அதை உடன் அழைத்துச் சென்று பரீட்சை பார்த்தார்கள்.

யந்திரம் மேடு பள்ளங்களில் நடந்தது, சுமையைத் தூக்கியது, மனிதனைப் பின்தொடர்ந்தது. குறை ஒன்றே ஒன்றுதான். அதற்குள் இருந்த பெட்ரோல் எஞ்சின் புல்வெட்டும் யந்திரத்தைப் போல ஓயாமல் இரைந்து கொண்டிருந்தது. பகைவனுக்குத் தெரியாமல் பதுங்கிச் செல்ல வேண்டிய சிப்பாய்களுக்குப் பின்னால், "இதோ வருகிறோம்" என்று தம்பட்டம் அடித்துக் கொண்டு ஒரு துணைவன் வந்தால் என்ன செய்வது? 2015-ஆம் வருஷக் கடைசியில் அந்த முயற்சி கிடப்பில் போடப்பட்டது. மின்சாரத்தால் சத்தமின்றி நடக்கும் சிறிய யந்திரத்தையும் சோதித்தார்கள். அதனால் சுமார் 18 கிலோதான் தூக்க முடிந்தது.

2025 ஜனவரி 15-ல் புனாவில் நடந்த சைன்ய தின அணிவகுப்பில் நமது ராணுவத்தின் நாலு கால் யந்திரங்களும் நடந்து சென்றன. அவற்றின் பெயர்ச் சுருக்கம் "மியூல்". கோவேறு கழுதை என்றுதான் பொருள்! எனினும் பெயருக்கேற்ற சுமை இன்னும் ஏறவில்லை. சுமார் 15 கிலோதான். பெரும்பாலும் முன்னே சென்று வேவு பார்க்கவே அவை தகுதியானவை. இமயமலைச் சரிவில் நிஜமான கோவேறு கழுதைக்கு உடனே ஓய்வு கொடுத்துவிட முடியாது.

காயம்பட்டவனின் வண்டி

மூன்றாவது வரம் பலித்தது உக்ரேன் யுத்தத்தில். 2022-ல் ருஷ்யா படையெடுத்த பிறகு அங்கே போர்முறையே மாறிவிட்டது. வெடிகுண்டு ஏந்திய சிறு பறக்கும் யந்திரங்கள் ஆகாயத்தில் சதா வட்டமிடுகின்றன. முன்னணிக்குப் பின்னால் பல மைல் தூரத்துக்கு எந்த லாரியும் பத்திரமாக ஓட முடியாது. காயம்பட்ட ஒருவனைத் தூக்கி வர நாலு பேர் வேண்டும். நாலு பேரை ஒரே இடத்தில் கண்டால் ஆகாயத்திலிருந்து அடி விழும். ஒருவனைக் காப்பாற்றப் போய் ஐவரை இழப்பதா என்ற கொடுமையான கணக்கு அங்கே நித்தியக் கணக்கு.

எஸ்டோனியா என்ற சின்னஞ்சிறு தேசத்தில் செய்யப்பட்ட "தெமிஸ்" என்னும் சங்கிலிச் சக்கர வண்டி 2022-ல் காயம்பட்டவர்களைத் தூக்கி வரும் பணிக்காக உக்ரேனுக்குச் சென்றது. அதைச் சேதமில்லாமல் பிடித்துக் கொடுப்பவருக்குப் பத்து லட்சம் ரூபிள் சன்மானம் தருவதாக மாஸ்கோவிலுள்ள ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் அறிவித்தது. ஒரு வண்டிக்கு இதைவிட மேலான நற்சாட்சிப் பத்திரம் வேறென்ன வேண்டும்? அதற்குப் பிறகு உக்ரேனியப் பட்டறைகளிலேயே மலிவான சிறு வண்டிகள் ஏராளமாகத் தயாராயின. போகும்போது தண்ணீர், ரொட்டி, தோட்டா. திரும்பும்போது காயம்பட்ட மனிதன்.

இதைப் பூரணமான வரம் என்று சொல்லி விடுவதற்கில்லை. வண்டியில் கிடப்பவன் தனியாகக் கிடக்கிறான். ரத்தம் பெருகினால் கட்டுப் போடவோ, "பயப்படாதே, வந்து விட்டோம்" என்று கையைப் பிடித்துச் சொல்லவோ பக்கத்தில் ஒருவரும் இல்லை. வழியில் ரேடியோத் தொடர்பு அறுந்தால் வண்டி நின்றுவிடும். ஆயினும் அவனைத் தூக்கப் போயிருக்க வேண்டிய நால்வர் உயிரோடிருக்கிறார்கள். அந்த நால்வருக்கும் தாய்மார் இருக்கிறார்கள்.

நாலாவது வரம்

ரேடியோத் தொடர்பு என்றோமே, அதுதான் நமது பழைய கயிறு. கண்ணுக்குத் தெரியாத கயிறாதலால் அதைக் கத்தரிக்கோலால் அறுக்க முடியாது. ஆனால் அதற்கும் எதிரிகள் உண்டு. 2018-ல் ருஷ்யர்கள் "யூரான்-9" என்ற பெரிய ஆளில்லாத டாங்கியைப் பீரங்கி, ஏவுகணை எல்லாம் பொருத்திச் சிரியாவுக்கு அனுப்பிப் பரீட்சித்தார்கள். பல கிலோமீட்டர் தூரத்திலிருந்து நடத்தலாம் என்று எதிர்பார்த்த வண்டியை, கட்டடங்களுக்கு நடுவில் முந்நூறு, ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் நடத்த முடியவில்லை. பல தடவை தொடர்பு அறுந்தது. இரண்டு தடவை ஒன்றரை மணி நேரம் வரையில் வண்டி யார் சொல்லுக்கும் கட்டுப்படாமல் நின்றது. இதை ருஷ்ய நிபுணர்களே அவ்வருஷம் நடந்த மாநாடு ஒன்றில் ஒப்புக் கொண்டார்கள்.

உக்ரேனில் இரு தரப்பாரும் ஒருவர் ரேடியோவை மற்றவர் கெடுப்பதில் வல்லவர்களாகி விட்டார்கள். அதனால் சில யந்திரங்களுக்குப் பின்னால் மெல்லிய கண்ணாடி நூலைக் கட்டி அனுப்புகிறார்கள். அதன் வழியே கட்டளை செல்கிறது. வார்ஸா தெருவில் அறுபட்ட கம்பி எண்பது வருஷத்துக்குப் பிறகு மறுஜன்மம் எடுத்திருக்கிறது!

மற்றொரு வழியும் உண்டு. கயிறே வேண்டாம் என்று விட்டுவிடுவதுதான் அது. யந்திரமே வழி பார்த்துக் கொள்ளட்டும், யந்திரமே எதிரி யார் என்று தீர்மானிக்கட்டும், யந்திரமே சுடட்டும். 2024 டிசம்பரில் கார்க்கிவ் நகருக்கு வடக்கே லிப்ட்ஸி கிராமத்துக்கருகில், ஒரு சிப்பாய்கூட முன்னால் செல்லாமல் தரை யந்திரங்களையும் பறக்கும் யந்திரங்களையும் மட்டும் கொண்டு தாக்குதல் நடத்தியதாக உக்ரேனியப் படை அறிவித்தது. அன்று ஒவ்வொரு யந்திரத்துக்கும் பின்னால் எங்கோ ஒரு மனிதன் இருந்தான். அந்த மனிதனையும் விலக்கி விட வேண்டும் என்பதே நாம் முதலில் சொன்ன, சிப்பாய் கேட்காத நாலாவது வரம்.

இது தூர தேசத்து விவகாரம் என்று நாம் அலட்சியமாக இருப்பதற்கில்லை. நம் சென்னைக்குப் பக்கத்து ஆவடியில், டாங்கிகளை உருவாக்கும் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தார் 2017-ல் "முந்த்ரா" என்ற ஆளில்லாத சங்கிலி வண்டியை வெளியிட்டார்கள். வேவு பார்க்க ஒன்று, கண்ணிவெடி கண்டறிய ஒன்று, அணுக்கதிரும் விஷ வாயுவும் பரவிய இடத்தில் சென்று பார்க்க ஒன்று என்று மூன்று வகை. மூன்றும் மனிதன் போகக் கூடாத இடத்துக்குப் போகும் வண்டிகள். மனிதன் உயிரைக் காக்கும் வண்டிகள். அவற்றைச் செய்தவர்கள் நம்மவர்கள் என்பதில் நாம் தாராளமாகப் பெருமை கொள்ளலாம்.

ஆனால், தாமே தீர்மானித்துக் கொல்லும் ஆயுதங்களைப் பற்றி 2023 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை தன் முதல் தீர்மானத்தை நிறைவேற்றிய போது, 152 தேசங்கள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நான்கு தேசங்களில் நமது பாரதமும் ஒன்று. இதைப் பற்றி ஜினீவாவில் ஏற்கெனவே பேச்சு நடந்து வருகிறது, அங்கேயே பேசித் தீர்க்கலாம் என்பது நம் சர்க்காரின் கக்ஷி. அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். பகைவன் கையில் உள்ளது நம் கையில் இல்லாமற் போனால் எல்லையில் நிற்கும் நம் பிள்ளைகளின் கதி என்ன என்ற கவலையும் நியாயமானதே. எனினும் நம் பெயரால் அளிக்கப்பட்ட வாக்கு இது என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரும் தெரிந்து வைத்துக் கொள்வது அவசியம்.

எமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லி விடுகிறோம். சுமையைச் சுமப்பதற்கு யந்திரம் வரட்டும். கண்ணிவெடியை மிதிப்பதற்கு யந்திரம் வரட்டும். காயம்பட்டவனைத் தூக்குவதற்கு எத்தனை யந்திரங்கள் வந்தாலும் நல்வரவு. இவற்றில் செலவழிக்கும் பணத்தைக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஒரு சிப்பாயின் வீட்டுக்குத் தந்தி போகாமல் தடுத்த பணம் அது. ஆனால் எதிரே கைகளைத் தூக்கிக் கொண்டு வருபவன் சரணடைய வருகிறானா, சண்டைக்கு வருகிறானா, அல்லது குழந்தையைத் தேடி வந்த ஊர்க்காரனா என்று பார்த்துத் தீர்மானிக்கும் வேலை மட்டும் ஒரு மனிதனுடையதாக இருக்க வேண்டும். தவறு செய்தால், "நீ ஏன் செய்தாய்?" என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். யந்திரத்தைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்க எந்தத் தேசத்துச் சட்டத்திலும் இடமில்லை.

1940-ல் பிரான்ஸின் கடற்கரையில் நம்மவர்கள் கயிற்றைக் கையிலிருந்து விட்டபோது, வேறு வழியில்லாமல் விட்டார்கள். இப்போது கயிற்றை விடலாமா என்று யோசிக்கிற விஞ்ஞானிகளுக்கும் சர்க்கார்களுக்கும் அத்தகைய அவசரம் ஒன்றும் இல்லை. ஆற அமர யோசிக்கட்டும்.